பின்வாசல் சாமி

முதல்முறை பார்த்தபோது அவரை நான் திட்டித்தான் அனுப்பினேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. சபையில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அந்தப் படத்தின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களிடம், "இந்த மனுசன அந்தாண்ட போய்யான்னு சொன்னவ நான்தான்" என்றால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். நடந்தது நடந்ததுதானே.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்களாம், அதனால் திருத்தி எழுதுகிறாளாம். அது அவள் பாடு. ஆனால் சாமி பேசியதை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் செங்கல் சூளைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. ரயில்வே பட்டறையில் சங்கு ஊதினால்தான் எங்களுக்கு விடியும், சங்கு ஊதினால்தான் மத்தியானம். ரயில்வே கிராணிமார், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், குடியிருந்த வீடுகளுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் கோலம் இருக்கும், பூந்தொட்டி இருக்கும். பின்வாசல் ஒரு லோரோங்கில் திறக்கும். சாக்கடையும், கக்கூஸ் வாளியை இழுத்தெடுக்கும் சின்னக் கதவும் அந்தச் சந்தில்தான். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சின்னக் கதவுகளில் வேலை. வாளி மாற்றுகிறவர். எனக்குச் சாக்கடை கழுவுகிற வேலை. லோரோங்கின் கோடியில் பலகை வீடுகள் வரிசையாக இருக்கும், அதில் கடைசி அறை எங்களுடையது. கிராணி வீடுகளில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'வாளிக்காரர் பெண்டாட்டி' என்றால் தெரியும்.

அன்றைக்கு, கிராணிமார் பஜனைக்குக் கூடும் சபை முன்னால் வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, பூரணகும்பத்தோடு கூட்டம் நின்றது. ஊரிலிருந்து பெரிய சாமியார் கப்பலில் வந்திருக்கிறாராம், வரவேற்பாம். நான் பின்னால் தென்னந் துடைப்பத்தோடு சாக்கடையில் நிற்கிறேன். குள்ளமாக, கறுப்பாக, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை ஒரு வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு, கையில் கம்பி நீட்டிய குடையோடு ஒருத்தர் சந்துக்குள் வந்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. என் முன்னால் நின்று, "அடுப்பு எரியுதா, ஆத்தா?" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இடுப்பு ஒடிய வேலை செய்கிறவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இது? "எரிஞ்சா ஒனக்கென்ன, எரியலன்னா ஒனக்கென்ன? பசின்னா முன்பக்கமா போய்யா அந்தாண்ட. அங்க எவனோ பெரிய சாமி வராராம், சோறு போடுவாங்க" என்றேன்.

"அப்படியா? எந்தச் சாமி?"

"எவனுக்குத் தெரியும்? தொந்தியும் தொப்பையுமா எவனாச்சும் இருப்பான்."

உடைந்த பல் தெரியச் சிரித்தார். குனிந்து தன் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு தேங்காய் மட்டையால் காலிலிருந்த சேற்றை வழித்துவிட்டு, சபையின் சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "ஐயோ சாமி! ஐயோ சாமி!" என்று ஒரே கூச்சல். முன்வாசலில் மேளம் நின்றது. கும்பத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அடுக்களைக்கு ஓடினார்கள். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சந்து முனைவரை ஓடிப்போய், இன்றைக்குத் தொலைந்தோம் என்று நின்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அதே நேரம், அதே சந்து. "அடுப்பு எரியுதா, ஆத்தா?"

"எரியுது சாமி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவருடைய வழக்கமே அதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் பின்வாசல். சபைக் காரியதரிசி ஒரு ரயில்வே கிராணி, கோட்டுப் போட்டவர், நேரம் தவறாதவர். பாவம், அந்த மனிதர் சாமியை எப்படியாவது முன்வாசல் வழியாக அழைத்துவிட வேண்டும் என்று படாத பாடு பட்டார். முன்னால் ஆள் வைத்தார். ரிக்ஷா அனுப்பினார். ரிக்ஷா முன்வாசலில் வந்து நிற்கும், அதில் சாமியின் குடை மட்டும் இருக்கும். சாமி சமையல்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் காரியதரிசி பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார். "சாமி, நாலு பேரு மாலையோட நிக்கிறாங்க. முன்னால வரப்படாதா?"

"முன்னால வந்தா எல்லாரும் நல்லா இருக்கோம்னுதான்ப்பா சொல்றாங்க. பின்னால வந்து அடுப்பப் பாத்தாத்தான் தெரியுது" என்றார் சாமி. பின்கட்டுச் சாக்கடையில் நின்றுகொண்டிருந்த நான் இதை என் காதால் கேட்டேன்.

அதற்காக அதை ஒரு சட்டமாகவும் அவர் வைத்திருக்கவில்லை. காரியதரிசியின் தாயாருக்குக் கால் இரண்டும் யானைக்கால் மாதிரி வீங்கியிருக்கும். ஒருநாள் அந்த அம்மாள் முன்வாசலில் பழத்தட்டோடு காலையிலிருந்து நின்றிருக்கிறாள். சாமி வழக்கம்போல அடுக்களையில் நுழைந்துவிட்டார். "நான் குடுத்து வைக்காதவ" என்று அந்த அம்மாள் அழுதாளாம். சாமி காதில் விழுந்தது. பின்வாசல் வழியாக வெளியே வந்து, என்னைத் தாண்டி, சந்தைச் சுற்றி, பட்டறை ரோட்டைச் சுற்றி, வேகுவேகென்று நடந்துபோய் முன்வாசலில் ஏறி, அப்போதுதான் வருகிறவர்போல நின்று, "அம்மா, பழம் இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் முன்வாசல் வழியாகப் போனது அந்த ஒரு தடவைதான்.

கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். சாமி வருகிறார் என்று நாங்கள் பலகை வீட்டு லைன் பெண்கள் ஏழெட்டுப் பேர் ரயில் ஏறிப் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் போனோம். ஐயர் மந்திரம் சொல்லி முடித்துவிட்டார், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, கலசத்தில் தண்ணீர் ஊற்றச் சாமியைக் காணோம். தேடிக்கொண்டு ஓடினோம். கூலி லைனின் பின்புறத்தில், ஒரு வீட்டில், உட்கார்ந்து அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறார். கண் இரண்டும் புகையில் சிவந்துபோயிருந்தன. உள்ளே ஒரு பெண் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அந்த அடுப்பு மூன்று நாளாகப் பற்றவைக்கப்படவே இல்லை.

கங்காணி கையைக் கட்டிக்கொண்டு, "சாமி, அது வேலைக்கு வராத சோம்பேறிங்க. இன்னைக்குப் போயி அத..." என்று இழுத்தார்.

"கஞ்சி கொதிக்கட்டும்ப்பா. அம்மன் நிப்பா. ரொம்ப நாளா நின்னவதானே" என்றார் சாமி. அப்புறம் கங்காணியைப் பார்த்து, "நீ போயி ரெண்டு வெறகு கொண்டா" என்றார்.

தோட்டத்தையே கிடுகிடுக்க வைக்கும் கங்காணி விறகு சுமந்து வந்ததை நான் பார்த்தேன். கஞ்சி வெந்து, அந்தப் பெண் இரண்டு வாய் குடித்த பிறகுதான் கோயிலில் தண்ணீர் விழுந்தது. சின்ன வயதில், கூத்தில் ராஜா வேஷம் கட்டியவன் திரையை விலக்கிக்கொண்டு வரும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அதற்குப் பிறகு அப்படிச் சிலிர்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ராஜாவும் அவர்தான், வீரனும் அவர்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "பின்பக்கமா வர்றது ரெண்டே ரெண்டு ஆளுதான் புள்ள. ஒண்ணு திருடன், இன்னொண்ணு நான். ஒஞ் சாமி இதுல எது?" என்பார். எனக்குக் கோபமாக வரும். ஆனால் அவருக்கு யார்மீதும் நம்பிக்கை இல்லாமல் போனதற்கு அவருடைய காரணங்கள் இருந்தன. வாளியோடு வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்துகிறவர்களைத் தினம் நூறு பேரைப் பார்க்கிற மனிதர்.

இப்போது என் ஆசையைச் சொல்கிறேன். சாமி பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும்போது தினம் ஒரு வீட்டில் சாப்பாடு. முறை வைத்து நடக்கும். யார் வீட்டில் என்றைக்கு என்று காரியதரிசி பட்டியல் எழுதிச் சபைச் சுவரில் ஒட்டிவிடுவார். என் வீட்டில் ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் பரிமாற வேண்டும். வேறு எதுவும் நான் அவரிடம் கேட்கவில்லை, பிள்ளை வரம்கூடக் கேட்கவில்லை.

பட்டியலில் பெயர் போடச் சொல்லிக் காரியதரிசியிடம் போய் நின்றேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். மறுபடி போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமிக்கு ஒண்ணும் இல்ல. எனக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க இல்லியா? ஒன் வீட்டுக்காரரு வேல அப்படி" என்றார். அவர் மனைவி, கிராணியம்மா, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

சாமியிடமே நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் வந்திருப்பார், எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு வீம்பு. தினம் என்னைத் தாண்டித்தானே போகிறார்? "அடுப்பு எரியுதா" என்று கேட்டுவிட்டு, "எரியுது சாமி" என்றதும், "நல்லது ஆத்தா" என்று கிராணி வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறாரே, ஊரில் எல்லார் பசியும் தெரிகிற மனிதருக்கு என் பசி தெரியாதா? அன்பு வைத்த இடத்தில்தானே கோபம் வரும். எனக்கு வந்தது.

சாமி ஊருக்கே திரும்புகிறார், இனி வரமாட்டார், உடம்பு முடியவில்லை என்று செய்தி பரவியது. மூன்று நாளில் கப்பல். அன்றைக்கு அவர் "அடுப்பு எரியுதா, ஆத்தா?" என்று கேட்டதும் எனக்கு வாய் பொறுக்கவில்லை.

"தெனம் எரியுதா எரியுதான்னு கேக்குறீங்களே சாமி, அதுல வெந்தத ஒரு நாளாச்சும் தின்னு பாத்தீங்களா?"

அவர் நின்றார். "நீ கூப்பிடலியே, ஆத்தா."

"கூப்பிட்டாத்தான் வருவீங்களோ? கூப்பிடாத வீட்டுலயெல்லாம் பின்பக்கமா நொழையுறீங்க, எங்க வீட்டுக்கு மட்டும் வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமாக்கும்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு உடைந்த பல் தெரிய, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வருவார் என்று காத்திருந்தேன், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கோலாலம்பூர் ஸ்டேஷனிலிருந்து ரயில், கிள்ளானுக்குப் போய்க் கப்பல் துறையில் இறங்க வேண்டும். நான் விடிவதற்கு முன்பே குளித்து, சர்க்கரைப் பொங்கல் வைத்து, உளுந்து வடை தட்டி, வாழையிலையில் கட்டி வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு வழக்கம்போல ஒரு சட்டிக் கஞ்சியும், சுட்ட கருவாடு ஒரு துண்டும் எடுத்துவைத்தேன். எட்டு மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு மனது மாறிவிட்டது. வராவிட்டால் போகட்டும், நானே ஸ்டேஷனுக்குப் போய் எல்லார் முன்னாலும் அவர் கையில் கொடுக்கிறேன் என்று தோன்றியது. உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் சாமி சாப்பிடுவதைவிட, அவர் வாங்கிக்கொள்வதைக் கிராணியம்மா பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாகிவிட்டது. இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியும் இலைக்கட்டுமாகக் கிளம்பினேன். பக்கத்து அறை அஞ்சலைதான், "வீட்டப் பாத்துக்கறேன், போயிட்டு வாக்கா" என்றாள்.

ஸ்டேஷனில் பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். மேளம், மாலை, கற்பூரம். காரியதரிசி கோட்டுக்குள் வியர்த்துப்போய், கையில் டிக்கெட்டோடு அங்கும் இங்கும் அலைந்தார். என்னைப் பார்த்து, "தள்ளி நில்லும்மா" என்றார். நான் தள்ளவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றேன், கிராணியம்மாவுக்குப் பக்கத்தில். வாழ்க்கையில் முதல்முறையாக முன்வரிசை. மணி பத்தாயிற்று. கார்டு கொடியை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தான். சாமி வரவில்லை. ரயில் போய்விட்டது.

கூட்டம் "எங்க சாமி? எங்க சாமி?" என்று கத்தியது. எனக்கு மட்டும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. காரியதரிசி முன்னால் நிற்கலாம், ஊரே முன்னால் நிற்கலாம். பின்வாசலிலேயே குடியிருக்கிற நான் போய் முன்னால் நின்றேனே! தூக்குச்சட்டியோடு ரயில்பாதை ஓரமாகவே ஓடினேன். அரைமணிக்கு மேலேயே ஓடியிருப்பேன்.

அஞ்சலை சந்து முனையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "இப்பத்தான்க்கா... இப்பத்தான் போறாரு."

"என்னடி ஆச்சு? சொல்லுடி!"

"நீ அந்தப் பக்கம் போன, அவரு இந்தப் பக்கம் வந்துட்டாரு. 'அடுப்பு எரியுதா, ஆத்தா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. அக்கா ஸ்டேசனுக்குப் போயிருக்கு, உங்களத்தான் பாக்கப் போயிருக்குன்னு சொன்னேன். 'அடடா'ன்னாரு. ஓடிப்போயிக் கூட்டியாரவான்னு கேட்டேன். வேணாம், ஆத்தா பெரிய ஆசையோட போயிருக்கும், அதுவே வரட்டும்னுட்டாரு. ரயில் ஊதுச்சு. சாமி, ரயில் போவுதேன்னேன். 'போவட்டும்'னு ஒன் வாசப்படியிலயே ஒக்காந்துட்டாரு."

ரயிலை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் அங்கே அவருக்காகக் காத்திருந்தேன்.

கித்தா, அதாவது ரப்பர், ஏற்றிக்கொண்டு கிள்ளான் போகிற லோரியை அஞ்சலையின் தம்பி ஓட்டினான். இனியும் தாமதித்தால் கப்பல் போய்விடும் என்று அவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தானாம். கடைசியில் சாமி எழுந்து அஞ்சலையிடம், "நான் கூப்பிடாம வந்தவன். இருக்குறதத் தின்னுட்டுப் போறேன்னு ஆத்தா கிட்டச் சொல்லு" என்றாராம். உள்ளே போய், என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டியிலிருந்த கஞ்சியை ஊற்றி, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தாராம்.

"நெசமா குடிச்சாராடி?"

"நெசமாக்கா. ரெண்டு தடவ ஊத்திக் குடிச்சாரு. நல்லா இருக்குன்னாரு."

உள்ளே போனேன். அடுப்பில் கங்கு இருந்தது. சட்டி பாதி காலி. நீல விளிம்பு போட்ட என் மங்குக் கிண்ணத்தைக் கழுவி, அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்தார். நிமிர்த்தினேன். கருவாட்டுத் துண்டு அதற்கடியில் இருந்தது. பூனை தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க மூடி வைத்திருக்கிறார். முட்டைகூடத் தொடாத மனிதர். உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அடுத்த ரயிலில் நீயும் கிள்ளானுக்குப் போயிருக்கலாமே என்று என் மகள் இப்போதும் கேட்கிறாள். அடுத்த ரயில் மூன்று மணிக்கு. கப்பல் இரண்டு மணிக்கு.

மத்தியானச் சங்கு ஊதி என் வீட்டுக்காரர் வந்தார். அஞ்சலை சொன்னதைக் கேட்டார். அந்த மங்குக் கிண்ணத்தையும் கருவாட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "கருவாட்டக் கையால எடுத்து வச்சாரா?" என்று மட்டும் கேட்டார். சாமிக்கு வைத்த சர்க்கரைப் பொங்கலை, அந்தக் கருவாட்டைத் தொட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு திருடன் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

சாமி ஊரில் இறந்துபோன செய்தி இரண்டு மழைக்காலம் கழித்துச் சபைக்குக் கடிதத்தில் வந்தது. படம் மாட்டினார்கள். எந்தெந்த வீட்டில் சாமி சாப்பிட்டார் என்று அவரவர் பெருமையாகச் சொல்வார்கள், எந்த நாள், என்ன கறி என்று. நானும் சொல்லலாம். அவர் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். நான்தான் பரிமாறவில்லை. எப்படி உட்கார்ந்தார், எந்தக் கையால் வெங்காயத்தை உடைத்தார், குடித்துவிட்டு எப்படி நிமிர்ந்தார் என்று அஞ்சலையைப் பத்துத் தடவை, நூறு தடவை கேட்டிருக்கிறேன். அவளும் சலிக்காமல் சொன்னாள். இப்போது அவளும் இல்லை.

கல்யாணம், காட்சி, கோயில் என்று யார் கூப்பிட்டாலும் நான் காலையில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். இந்தக் கிழவிக்கு என்ன அவசரம் என்று மகள் கோபித்துக்கொள்கிறாள். இவ்வளவும் எழுதிய பிறகாவது அவளுக்குப் புரிய வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டைவிட்டு எங்கும் போவதில்லை.